உடல் சொல்லும் அச்சத்தை யார் செவிமடுப்பது?

நெஞ்சு அடைக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது, தலை இடிக்கிறது, கைகால் விறைக்கிறது, பெருமூச்சு வருகிறது என்று உள்ளத்தின் வேதனையை உடலின் மொழியிலேயே சொல்வது எம்மவர் வழக்கம். தமிழ் பேசும் இந்துக்களிடையேயும் கிறிஸ்தவர்களிடையேயும் முஸ்லிம்களிடையேயும் இதில் வேற்றுமை இல்லை. வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் இளைஞர் ஒருவருக்கு, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்வதைவிட "நெஞ்சு படபடக்கிறது" என்று சொல்வது இலகுவானது. இரத்தப் பரிசோதனையும் இதயத் துடிப்புப் பதிவும் குறையெதனையும் காட்டாதபோது, "உனக்கு ஒன்றுமில்லை" என்ற ஆறுதலுடன் அவர் வீடு திரும்புகிறார். அந்த "ஒன்றுமில்லை" என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் ஒரு பிரிவினரைப் பற்றியே இன்று நாம் எழுத விரும்புகிறோம்.

தற்பாலீர்ப்போ இருபாலீர்ப்போ உடையவர்கள், பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலினின்றும் வேறான பாலினராகத் தம்மை உணரும் திருநர்கள், ஆண் பெண் என்ற வரையறைக்குள் முற்றாக அடங்காத உடற்கூற்றுடன் பிறந்த இடைபாலினர் ஆகியோரைப் பாலியல் சிறுபான்மையினர் என்ற பொதுப்பெயரால் இங்கு குறிப்பிடுகிறோம். இவ்விடயம் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரியர் பக்கத்தில் இடம்பெறுவதைக் கண்டு வாசகர்களிற் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும் என்பதை நாம் அறிவோம். எனினும், கண்டி நகரிலும் அக்குறணையிலும் மடவளையிலும், கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களிலும் இத்தகைய பிள்ளைகள் இருக்கவே செய்கின்றனர். அவர்கள் எங்கிருந்தோ வந்தவர்களல்லர். எமது வீடுகளிற் பிறந்தவர்கள்.

இவ்விளைஞர்களின் உளநலம் ஏனையோரைவிட நலிவுற்றிருப்பதற்குக் காரணம் அவர்களது இயல்பன்று, அவர்களைச் சூழ்ந்துள்ள அச்சமே என்பதை ஆய்வாளர்கள் நெடுநாட்களாகச் சுட்டிக்காட்டி வந்துள்ளனர். அமெரிக்க ஆய்வாளரான இலான் மேயர் 2003 ஆம் ஆண்டில் இதனைச் சிறுபான்மை நெருக்கீடு என்ற கோட்பாடாக விரித்துரைத்தார். இகழ்ச்சியும் வன்முறையும் ஒருபுறமிருக்க, அவை எப்போது நேருமோ என்று காத்திருப்பதும், தம்மை மறைத்துக்கொள்வதும், பிறர் இகழ்வதைத் தாமே நம்பத் தொடங்குவதும் சேர்ந்து அவர்களது உள்ளத்தை அரிக்கின்றன என்பது அக்கோட்பாட்டின் சாரமாகும்.

இந்தக் காத்திருப்பு உடலில் நிகழ்வது. "நடையைத் திருத்து", "கையை அப்படி ஆட்டாதே", "குரலை மாற்று" என்ற கட்டளைகளைச் சிறுவயது முதலே கேட்டு வளரும் பிள்ளை, தன் உடலைத் தானே காவல்காக்கப் பழகிவிடுகிறது. கண்டி பெருநகரன்று. மணிக்கூட்டுக் கோபுர பஸ் தரிப்பிடத்திலிருந்து கட்டுகஸ்தோட்டை செல்வதற்குள் தெரிந்த முகம் நான்கையாவது காண நேரும் ஊர். தோட்டத்து லயன் அறையிலோ ஒரு பிள்ளை தனியே அழுவதற்கும் இடமில்லை. தோள்கள் உயர்ந்தவாறும், தாடை இறுகியவாறும், மூச்சு மார்பின் மேற்பகுதியிலேயே தங்கியவாறும் ஆண்டுக்கணக்கில் வாழ்பவருக்குத் தலைவலியும் வயிற்றுக் கோளாறும் உறக்கமின்மையும் தோன்றுவதில் வியப்பொன்றுமில்லை.

அச்சத்துக்குச் சட்டமும் துணை நிற்கிறது. பிரித்தானியர் 1883 ஆம் ஆண்டில் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365 ஆம் பிரிவும் 365அ பிரிவும் ஒரே பாலினத்தவரிடையேயான உறவைக் குற்றமாக்குகின்றன. 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் இதனைத் தளர்த்துவதற்குப் பதிலாக, ஆண்களைக் குறித்து நின்ற வாசகத்தைப் பொதுவாக்கிப் பெண்களையும் இதற்குள் கொண்டுவந்தது. திருநர்களைத் தடுத்துவைக்க 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளது. 2017 ஆம் ஆண்டுக்குப் பின் குறைந்தது ஏழு பேராவது, குற்றத்துக்குச் சான்று தேடுவதாகக் கூறிப் பலவந்தமான உடற்பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டதாக மனித உரிமைகள் கண்காணிப்பகமும் ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பும் 2020 ஒக்டோபரில் வெளிப்படுத்தின. எவ்வித மருத்துவப் பெறுமதியும் அற்ற இத்தகைய பரிசோதனைகளை உலக மருத்துவர் சங்கம் 2017 ஆம் ஆண்டிலேயே கண்டித்திருந்தது. குணப்படுத்த வேண்டிய கையே அவமதித்த பின்னர், அந்த இளைஞர் எந்த வைத்தியரை நம்பி நெஞ்சுப் படபடப்பைச் சொல்வார்?

மறுபுறம், நம்பிக்கையளிக்கும் மாற்றங்களும் நிகழாமலில்லை. தற்பாலீர்ப்பை நோய்களின் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 ஆம் திகதி நீக்கியது. திருநரின் பாலின உணர்வை உளநோய் என்ற அத்தியாயத்திலிருந்து அகற்றிய புதிய வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இலங்கைச் சுகாதார அமைச்சு 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, திருநர் ஒருவர் உளமருத்துவரிடம் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புச் சான்றிதழைத் திருத்திக்கொள்ள முடியும். தற்பாலீர்ப்பு நோயன்று என்பதை இலங்கை உளமருத்துவர் கல்லூரி 2021 ஆம் ஆண்டில் பகிரங்கமாக அறிவித்தது. பாராளுமன்ற உறுப்பினர் பிரேமநாத் தொலவத்த கொண்டுவந்த திருத்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும், 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு அச்சட்டமூலமும் காலாவதியாயிற்று. மருத்துவ அறிவு ஓரிடத்திலும் சட்டப்புத்தகம் வேறோரிடத்திலும் நிற்கும் இந்த இடைவெளியிற்றான் எமது பிள்ளைகள் வளர்கின்றனர்.

இந்நிலையில், உடலின் வழியே உளத்தை அணுகும் சிகிச்சை முறைகள் இவர்களுக்கு எந்தளவில் உதவும் என்ற கேள்வி எழுகிறது. ஆபத்தை உணரும்போது இதயம் விரைந்து துடிப்பதும், தசைகள் இறுகுவதும், செரிமானம் குழம்புவதும் உடலின் இயற்கையான தற்காப்பு ஏற்பாடுகள். ஆபத்து நீங்கியதும் அவை தணிய வேண்டும். ஆண்டுக்கணக்கில் அச்சத்திலிருப்பவருக்கு அவை தணிவதில்லை. அவரிடம் "பயப்படாதே" என்று சொல்வதாற் பயன் குறைவு; ஏனெனில் அந்த அச்சம் சிந்தனையின் கட்டளைக்கு எளிதில் உட்படுவதில்லை. மூச்சை மெதுவாக நீண்ட நேரம் வெளிவிடுதல், பாதங்கள் நிலத்திற் பதிந்திருப்பதை உணர்தல், இறுகிய தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துதல், தாளத்துக்கு அசைதல், குரலெழுப்பிப் பாடுதல் ஆகியவற்றால் உடலுக்கே அமைதியைப் பழக்குவது இம்முறைகளின் அடிப்படை. அமெரிக்க உளமருத்துவர் பெசல் வான் டெர் கொல்க் குழுவினர் 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், நெடுநாள் மனவடுவினால் வருந்திய 64 பெண்கள் பங்கேற்றனர். பத்து வாரங்கள் யோகாசனம் பயின்றோரிற் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் அந்நோயின் வரையறையிலிருந்து விடுபட்டனர். ஒப்பீட்டுக் குழுவில் விடுபட்டோர் ஐந்திலொரு பங்கினரே. இவ்வகைச் சிகிச்சைகள் யாவற்றுக்கும் ஒரேயளவான ஆதாரம் உண்டென்று நாம் கூறமாட்டோம். ஏனைய உளவளத்துணைக்கும் மருத்துவத்துக்கும் துணையாகவே இவற்றைக் கொள்ள வேண்டும்.

இவை மேனாட்டிலிருந்து இறக்குமதியானவை என்று எண்ணுவதும் தவறு. யாழ்ப்பாணத்தில் போரினால் உளப்பாதிப்புற்றோரிடையே பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சியையும் தசைத் தளர்வையும் அவரவர் மரபோடு இணைத்துப் பயிற்றுவிக்கலாம் என்பதை விளக்கியுள்ளார். இந்துக்களுக்குப் பிரணவமும், முஸ்லிம்களுக்குத் திக்ரும், கத்தோலிக்கருக்குச் செபமாலையும், பௌத்தருக்கு மூச்சில் மனத்தை நிறுத்தும் தியானமும் அவ்வழிகளாயின. மட்டக்களப்பில் 1996 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவில், போரின் நடுவே தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் மண்ணும் நிறமும் வேடமும் கூத்துமாக ஒன்றாய் விளையாடித் தேறினர். உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலில் இணைத்து எழுதிய அபூ ஸைத் அல்-பல்கி ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த முஸ்லிம் அறிஞர். திருமூலரின் மரபில் உடல் இழிந்த பொருளன்று. கண்டிய நடனத்தின் வேராகக் கருதப்படும் கொஹொம்பா கங்காரியவும் நோயும் தீங்கும் நீங்க வேண்டிப் பறையொலியோடு இரவு முழுவதும் ஆடப்படும் சடங்கே. ஆகவே, உடலின் வழியே மனத்தை ஆற்றுவது இம்மண்ணுக்குப் புதியதன்று.

ஆயினும், போரின் வடுவுக்கும் இப்பிள்ளைகளின் வடுவுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்தது. அதன் பின்னரும் வெடியோசை கேட்டாற் பதறும் ஒருவருக்கு, "ஆபத்து கடந்துவிட்டது" என்பதை உடலுக்கு உணர்த்துவதே சிகிச்சை. பாலியல் சிறுபான்மையைச் சேர்ந்த இளைஞர் ஒருவருக்கோ ஆபத்து கடந்துவிடவில்லை. அது இன்றிரவு உணவு வேளையில் அவர் எதிரே அமர்ந்திருக்கலாம். நாளை வகுப்பறையிற் காத்திருக்கலாம். அவரது நெஞ்சு படபடப்பது பழுதன்று. உள்ளதை உள்ளவாறு அறிவிக்கும் எச்சரிக்கை மணி.

கண்டி மாவட்டத்து முஸ்லிம் வாசகர்களுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2018 மார்ச் மாதத்தில் திகனயிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, தெருவில் கேட்ட ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் ஒலிக்கும் உடல் நடுங்கியதை அவர்கள் அறிவர். தீ எரிந்துகொண்டிருக்கையில் எவரும் மூச்சுப் பயிற்சியை மருந்தாகக் கொடுக்க முடியாது. முதலில் தீ அணைக்கப்பட வேண்டும். குற்றவாளிகள் தடுக்கப்பட வேண்டும். அதன் பின்னரே உடல் ஆறத் தொடங்கும். தோட்டப்புறத் தமிழருக்கும் 1983 ஜூலையின் நினைவு இதையே சொல்லும். தமக்கு வேண்டுமென்று கேட்கும் பாதுகாப்பை, தம் வீட்டிலுள்ள வேறுபட்ட ஒரு பிள்ளைக்கு மறுப்பது எந்த நியாயத்தின்பாற்படும்?

எனவே, இவ்விளைஞர்களுக்கான உடல்வழிச் சிகிச்சை பயனுள்ளதாக அமைய வேண்டுமாயின் சில நிபந்தனைகள் இன்றியமையாதவை. முதலாவது, அது திருத்துவதற்கான கருவியாக மாறலாகாது. தாயத்துக் கட்டுவதும், பேயோட்டுவதும், அடித்துத் திருத்துவதும், அவசரத் திருமணம் செய்துவைப்பதும் எமது சமூகங்களில் நடப்பவை. இவையும் உடலின் மீது நடத்தப்படுபவையே. ஆனால் நோவைத் தருபவை. "ஆண்பிள்ளை போல் நில்" என்று கற்பிக்கும் யோகா வகுப்பும், ஈர்ப்பை மாற்றித் தருவதாக வாக்களிக்கும் உளவளத்துணையும் அதே வகையைச் சேர்ந்தவை. மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 ஆம் திகதி வழங்கிய உத்தரவில் இத்தகைய மாற்றுச் சிகிச்சை முயற்சிகளைத் தடைசெய்தார். இவ்விடயத்திற் போதிய அறிவைப் பெறும்பொருட்டு அவர் தாமே உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றது நினைவுகூரத்தக்கது. மறு ஆண்டில் இந்தியத் தேசிய மருத்துவ ஆணையம் அதனைத் தொழில்முறைத் தவறென அறிவித்தது. இடைபாலினக் குழந்தைகளுக்கு அவசியமற்ற அறுவைச் சிகிச்சை செய்வதை நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் மதுரைக் கிளையில் வழங்கிய தீர்ப்பைத் தொடர்ந்து தமிழக அரசு 2019 ஆம் ஆண்டில் தடைசெய்தது. இத்தகைய தெளிவு எமது நாட்டுக்கும் தேவை.

இரண்டாவது, உடலின் உரிமையாளர் அந்த இளைஞரே என்பது முதல் அமர்விலேயே உறுதிப்படுத்தப்பட வேண்டும். பலவந்தமாகத் தொடப்பட்ட ஒருவரை, ஆறுதலுக்காகவேனும் அனுமதியின்றித் தொடலாகாது. கண்ணை மூடச் சொல்வதும் சிலருக்கு அச்சமூட்டும். அவர்கள் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தவாறே பயிலலாம். திருநர் ஒருவரிடம் "உன் உடலை உற்றுக் கவனி" என்று தொடங்குவது, அவருக்கு மிகவும் நோவு தரும் இடத்திலேயே கைவைப்பதாகும். பாதங்கள், உள்ளங்கை, சுற்றுப்புற ஒலி ஆகியவற்றிலிருந்து தொடங்குவது நலம். மார்பை இறுகக் கட்டியிருக்கும் திருநம்பிக்கு ஆழ்ந்த மூச்சு கடினமானது என்பதைப் பயிற்றுநர் அறிந்திருத்தல் வேண்டும். இவை நுணுக்கமான விடயங்களாயினும், உதவி என்பது உபத்திரவமாக மாறுவதும் மாறாதிருப்பதும் இவற்றிலேயே தங்கியுள்ளது.

மூன்றாவது, இரகசியம் பேணப்பட வேண்டும். பாடசாலை உளவளத்துணை ஆசிரியரிடம் ஒரு மாணவர் சொன்னது மாலைக்குள் வீட்டை எட்டுமாயின், அதன் பின் எந்த மாணவரும் அவ்வாசிரியரை நாடமாட்டார். ஆசிரியரின் முதற் கடமை, பிள்ளை வீட்டிற் பாதுகாப்பாக இருக்கிறதா என்று அறிவது. பெற்றோரிடம் எதை, எப்போது, யார் சொல்வது என்பதைப் பிள்ளையோடு கலந்தே முடிவுசெய்ய வேண்டும்.

இப்பணிக்குக் கண்டி பொருத்தமற்ற இடமன்று. கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும் இங்குள்ளன. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் கலைப் பீடமும் அருகருகே இயங்குகின்றன. உளமருத்துவம் கற்போரும் நாடகமும் இசையும் கற்போரும் இணைந்து ஒரு சிறு முயற்சியைத் தொடங்கினாற்கூட அது முன்மாதிரியாக அமையும். அம்முயற்சி தமிழிலும் நடைபெற வேண்டும் என்பதை நாம் வலியுறுத்துகிறோம். தன் தாய்மொழியிலேயே சொல்லத் தயங்கும் வேதனையைப் பிறமொழியில் விளக்குமாறு ஒரு தோட்டத்துப் பிள்ளையிடம் எதிர்பார்க்க முடியாது. அதனை மொழிபெயர்க்க உறவினரை அழைப்பதோ அதனினும் கொடிது.

சட்டமும் பொதுச் சுகாதாரமும் ஒன்றிணைந்தால் உயிர்கள் காக்கப்படும் என்பதற்கு இந்நாடே சான்று. 1995 ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்ற அளவில், உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கொடிய நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டமை அதனைக் குறைத்த காரணங்களுள் முதன்மையானது. அவ்வீதம் பின்னர் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காக வீழ்ந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டமும் 1998 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதனாற் சமூகம் சீரழிந்துவிடவில்லை; உயிர் தப்பியவர் பொலிஸாருக்கு அஞ்சாமல் வைத்தியசாலைக்கு வர முடிந்தது. 365 ஆம், 365அ பிரிவுகள் திருத்தப்படின் இவ்விளைஞர்களுக்கும் அதே கதவு திறக்கும்.

சமயத் தலைவர்களுக்கும் இங்கு பெரும் பொறுப்புண்டு. தமது சமயத்தின் ஒழுக்கக் கோட்பாட்டை மாற்றியமைக்குமாறு நாம் எவரையும் கேட்கவில்லை. எந்த ஒழுக்கக் கோட்பாடும் ஒரு பிள்ளையை அடிப்பதற்கோ, தெருவில் விடுவதற்கோ, கேலிக்குள்ளாக்குவதற்கோ அனுமதியளிக்கவில்லை என்பதை உரக்கச் சொல்லுமாறே கேட்கிறோம். பிறருக்குத் தீங்கிழைத்தலாகாது என்பதும், பிறரது மறைவான வாழ்வைத் துருவி ஆராய்தல் கூடாது என்பதும் இஸ்லாம் வலியுறுத்தும் நெறிகள். ஆண் என்றோ பெண் என்றோ அறுதியிட முடியாத உடலுடன் பிறந்தோரைக் குன்ஸா எனப் பெயரிட்டு, அவர்களது வாரிசுரிமை முதல் தொழுகை வரிசை வரை பண்டைய சட்ட அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். சைவ மரபோ இறைவனையே மாதொருபாகனாக வழிபடுகிறது. பள்ளிவாசலிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் ஒரு முறையேனும் இக்கருணையைப் பற்றிப் பேசினால், கேட்டிருக்கும் பெற்றோரிற் சிலரது கை ஓங்காமல் நிற்கும்.

பெற்றோரின் நிலைப்பாடு உயிர்காக்கும் மருந்தாகவும் அமையலாம், நஞ்சாகவும் அமையலாம். அமெரிக்காவில் கெயிட்லின் ரையன் குழுவினர் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, குடும்பத்தினரால் கடுமையாகப் புறக்கணிக்கப்பட்ட இளைஞர்கள் தற்கொலைக்கு முயன்றிருக்கும் சாத்தியம், புறக்கணிப்பை அனுபவிக்காதோரைவிட 8.4 மடங்கு அதிகமாக இருந்தது. முற்றாக உடன்பட முடியாத தாயோ தந்தையோகூட, "உன்னை நான் வீட்டைவிட்டு அனுப்பமாட்டேன், உன்னை எவரும் அடிக்க விடமாட்டேன்" என்று சொல்லலாம். அச்சொற்களைக் கேட்ட கணத்தில் அப்பிள்ளையின் தோள்கள் சற்றே தாழும். மூச்சு சற்றே ஆழமாகும். பயிற்றுநர் பல வாரங்கள் முயன்று பெறுவதன் தொடக்கம் அதுவே.

உளநெருக்கடியில் இருப்போரும் அவர்களுக்காகக் கவலையுறுவோரும் தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926ஐயும், 1333 என்ற உளவளத்துணை இலக்கத்தையும் நாடலாம். கண்டியின் வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் உடல்வழிப் பயிற்சிகளை இவ்விளைஞர்களுக்குத் தமிழிலும் கிடைக்கச் செய்ய வேண்டும். அதேவேளை, பாராளுமன்றம் காலாவதியான சட்டமூலத்தை மீண்டும் கையிலெடுக்க வேண்டும். அச்சத்தை உண்டாக்கும் சட்டத்தையும் வழக்கத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, அச்சப்படாதிருக்கப் பழகுமாறு பிள்ளைகளை மட்டும் கேட்பது நேர்மையாகாது. இவ்விரு பணிகளும் ஒருங்கே நடைபெற வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.